ஓசைப்படாமல் ஒரு தே ஓ ஐஸ்

கையுறை ஃபேக்டரி வேன்
காலை ஏழரைக்கு உன்னை இறக்கிவிடும்போது
நான் தோட்டத்தில் பதினோராவது நிரையில்
கம்பில் அரிவாளைப் பூட்டிக்கொண்டிருப்பேன்.
இரண்டு மணிக்கு நான் வரும்போது
நீ தூக்கத்தின் நட்டநடுவில் இருப்பாய்.
ஒரே வீட்டு வாடகையை
முறை வைத்து அனுபவிக்கிறோம், குமுதா.

பீடோங்கில் மூன்று வாரமாக மழையில்லை.
கூரைத் தகரம் வெயிலில் நெளிந்து
டிக்கென்று ஒரு சத்தம் போடும்.
அதை ஒன்றும் சொல்ல முடியாது.
என்னைச் சொல்லலாம்.
அதனால் பூட்ஸை வாசலிலேயே விட்டு
விசிலடிக்குமுன் கேத்தலை இறக்குகிறேன்.

நாலு கிளாஸ் தண்ணீருக்கு மூன்று கரண்டித் தூள்.
ஒரு பாட்டு ஓடும் நேரம் ஊறினால் போதும்,
இரண்டாம் பாட்டு தொடங்கினால் கசந்துவிடும்.
ரேடியோ வைக்க வழியில்லை.
பல்லவி, சரணம், நடுவில் வரும் புல்லாங்குழல் உட்பட
வாய்க்குள்ளேயே பாடி முடித்து வடிகட்டுகிறேன்.
சீனியைச் சூட்டிலேயே போட்டுவிட வேண்டும்.
ஐஸ் விழுந்த பிறகு சீனி
யார் பேச்சையும் கேட்காது.

முதல் தடவை அவசரப்பட்டு
ஆவி பறக்க ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன்.
கலங்கிப் போனது.
"வெள்ளம் வந்த மூடா ஆறா இது?" என்றாய்.
முழு கிளாஸையும் குடித்துவிட்டுத்தான் கேட்டாய்.
இப்போதெல்லாம் தட்டில் தண்ணீர் ஊற்றி
எறும்பு ஏறாமல் நடுவில் ஜாடியை நிறுத்தி
ஆறும்வரை காவல் இருக்கிறேன்.

எலுமிச்சை நம்முடையதில்லை.
பக்கத்து வீட்டு மாக்சிக் ரொக்காயாவின் தொட்டியில்
கோலிக்குண்டு கோலிக்குண்டாய் லிமாவ் கஸ்தூரி.
"அம்பில்லா" என்பாள்,
கிளையை ஒடித்தால் மட்டும் பேசமாட்டாள்.
ஆறு காயைப் பிழிந்ததும்
கறுப்பு விலகி
பழுத்த செம்பனைக் கொட்டையின் அடிப்பக்க நிறம்.
முப்பது கிலோ குலையைச் சாய்க்கிற கை
ஒற்றை விதையைப் பிடிக்க
கரண்டியோடு ஜாடியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

ஐஸ்தான் ஆபத்து.
பிளாஸ்டிக் பையில் உறைந்த தண்ணீர்
செங்கல் மாதிரி வெளியே வரும்.
துண்டில் சுற்றி, மேலே என் பழைய சட்டையையும் சுற்றி,
பின்பக்கம் கொண்டுபோய்
அரிவாள் தீட்டும் கல்லால்
ஓர் அடி.
காத்திருந்து
இன்னோர் அடி.

"நல்லா உடை" என்கிறது ஜன்னல்.
"கட்டி கட்டியா இருந்தா கிளாஸ்ல எறங்காது."

எப்போது விழித்தாய்?
"நீ பாடினியே, அப்பவே."

வாய்க்குள்தானே பாடினேன்!

இரவு முழுக்கக் கையுறைகளை ஊதிப் பார்த்து
ஓட்டை தேடிய உன் விரல்கள்
உறையில்லாமல் கிளாஸைப் பிடிக்கின்றன.
முதலில் குடிப்பதில்லை நீ.
கழுத்தில் வைக்கிறாய், பிறகு கண்ணில்,
பிறகு, நான் பார்க்காத நேரம், என் முதுகில்.
நான் அலற, மாக்சிக் எட்டிப் பார்க்க,
ஐஸ்பெட்டித் தவணை, ஒழுகும் பைப்பு,
உன் சூப்பர்வைசரின் புது மீசை என்று
ஒன்றரை மணி நேரத்தில்
ஒரு நாளையே பேசி முடிக்கிறோம்.

ஐந்தே முக்காலுக்கு ஆ செங்கின் ஹாரன்.
மீதித் தேயைப் பையில் ஊற்றி
வாயைச் சுருட்டிக் கயிறு கட்டி
ஸ்ட்ராவைச் செருகித் தருகிறேன்.
விரலில் மாட்டிக்கொண்டு ஓடுகிறாய்,
அது ஆடிக்கொண்டே உன்னோடு வேனில் ஏறுகிறது.

பத்து நாற்பதுக்கு, உன் இடைவேளையில், செய்தி வருகிறது:
"இன்னும் ஐஸ் இருக்கு."

ரயில் கேட் தாண்டுவதற்குள் கரைந்திருக்கும்,
எனக்குத் தெரியாதா.
பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா.

எழுந்துபோய்
இன்னும் இரண்டு பையில் தண்ணீர் நிரப்பி
உறைய வைக்கிறேன்.
வீட்டில் தூங்குகிறவர்கள் யாருமில்லை,
ஐஸ்பெட்டிக் கதவைப் படாரென்று சாத்தலாம்.
மெதுவாகத்தான் சாத்துகிறேன்.